அவிழ்ந்த மூலையில் ஒரு நிலா

துல்கஃதா பிறை 12

வியாழக்கிழமை. முப்பது வருடமாக வியாழக்கிழமைகளில் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை இது. போன் வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும். அவர் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தபின் இரண்டு வருடம் கைக்கு ஓய்வு. இப்போது மறுபடியும் வியாழக்கிழமை வந்திருக்கிறது, எழுத ஆளில்லை. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர், "நெஞ்சு கரிக்குது சபூரா" என்று கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் சுக்குத் தண்ணீர் போட அடுப்படிக்குப் போயிருந்தேன்.

மௌத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் எனக்கு இத்தா. இதற்கெல்லாம் பிறைக் கணக்குத்தான் என்பதால் டைரியின் இங்கிலீஷ் தேதிகளை அடித்துவிட்டேன். வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது, வெள்ளை உடுத்த வேண்டும், நகையும் பூவும் கிடையாது. இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை நாச்சி மைனி கொண்டுவந்தார்.

மைனி அவருடைய அக்கா. அறுபது வயது, பிள்ளை இல்லை, புருஷன் எப்போதோ போய்விட்டார். இத்தா முடியும்வரை எனக்குத் துணையாக இருக்க வந்திருக்கிறார். துணை என்றால் காவல். வந்த அன்றே ஆள் விட்டு எங்கள் முற்றத்துக்கு மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டவைத்தார். இத்தா இருக்கிறவள் வானத்தைப் பார்க்கக் கூடாதாம். முக்கியமாக நிலாவை.

"நிலா ஆம்பளைளா," என்றார்.

"அப்ப சூரியன்?"

"அதை யாரு கண்ணால பாக்க முடியும்? அதான் அதைச் சொல்லல."

வாதத்தில் ஓட்டை இல்லை. வீட்டுக்குள்தான் எல்லாம் நீலமாகிவிட்டது. வெள்ளைச் சேலை கூட நீலமாகத் தெரிகிறது.

துல்கஃதா பிறை 20

மீன் குழம்பில் உப்பு இல்லை என்கிறார் மைனி. மூன்று நாளாக இதே பாட்டு. அவர் தட்டில் போட்டுக்கொள்ள உப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்தேன். "குழம்புல கிடக்கிற உப்பும் தட்டுல போடுத உப்பும் ஒண்ணாளா?" என்றார்.

துல்ஹஜ் பிறை 10

ஹஜ்ஜுப் பெருநாள். அக்கம் பக்கத்திலிருந்து இறைச்சி வந்து குவிந்துவிட்டது. இருப்பது இரண்டு வயிறு. மைனி பாதியை உப்புக்கண்டம் போடலாம் என்றார், பிறகு தார்ப்பாய்க்குக் கீழே எப்படிக் காயும் என்று அவரே யோசித்து விட்டுவிட்டார்.

மகன் இஜாஸ் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தான். கண் கலங்கியிருந்தான். அவனுடைய வாப்பா இல்லாத முதல் பெருநாள்.

"உம்மா, இத்தா முடியட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இனிமே எங்ககூடத்தான் இருக்கணும்."

"இந்த வீடு?"

"பூட்டிப் போடுவோம். இல்லாட்டி யாருக்காவது வாடகைக்கு விடுவோம். நீங்க தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க?"

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இது என் உம்மாவின் வீடு, பிறகு எனக்கு வந்தது. எனக்குப் பெண் பிள்ளை இல்லாததால் இது இனி யாருக்கும் போக வேண்டிய வீடு இல்லை. மகன் கூப்பிடுகிறான், தங்கமான பிள்ளை, மருமகளும் நல்லவள். எல்லோரும் நல்லது என்கிறார்கள். நானும் நல்லது என்றுதான் சொன்னேன்.

மைனியிடம் சொன்னேன். "நல்லது," என்றார்.

துல்ஹஜ் பிறை 27

ஒன்றும் இல்லை. கறிவேப்பிலைச் செடிக்கு வெயில் இல்லாமல் இலை பழுக்கிறது.

முஹர்ரம் பிறை 21

ஆடிக் காற்று நேற்று முழுவதும் அடித்தது. தார்ப்பாய் கிடந்து படபடத்தது. காலையில் எழுந்து பார்த்தால் மேற்கு மூலைக் கயிறு அறுந்து, பாய் ஒரு பக்கமாக மடிந்து கிடக்கிறது.

எட்டரை மணி இருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் முதுகில் விழுந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! அண்ணாந்து பார்த்தேன். அந்த மூலையில், நல்ல நீல வானத்தில், பாதி நிலா நின்றது. அசல் நிலா. தேங்காய்ச் சில்லு மாதிரி வெளுத்துப் போய், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தது பயம்தான். தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. பொழுது சாய்கிற மஃரிபுக்கு முன்னாலேயே கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து என்னைக் காவல் காக்கிறார் மைனி. இந்த ஆம்பளையோ காலை எட்டரைக்கு வந்து நிற்கிறார்.

ஐம்பத்திரண்டு வயது ஆகிறது எனக்கு. பகலில் நிலா தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன், ஆனால் நின்று பார்த்ததில்லை. பகலில் நான் வானத்தைப் பார்ப்பது வத்தல் காயுமா, துணி நனையுமா என்பதற்கு. மற்ற நேரமெல்லாம் பார்வை சட்டியிலும் அரிவாள்மணையிலும்தான். இத்தனை வருடமும் இது தலைக்கு மேலே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது!

மைனியிடம் சொல்லவில்லை.

முஹர்ரம் பிறை 22

இன்றும் வந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறது.

முஹர்ரம் பிறை 23

பாத்திரம் கழுவுகிற சாக்கில் முற்றத்திலேயே இருந்தேன். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் இவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை.

"என்னளா, கருவாட்டைக் கண்ட பூனை மாதிரி முற்றத்தையே சுத்திச் சுத்தி வாரே?" என்றார் மைனி.

"காத்து நல்லா வருது மைனி."

அவர் மேலே பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அறுந்த கயிற்றை மட்டும் பார்த்துவிட்டு, ஆள் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நிலா அவர் நெற்றிக்கு நேரே இருந்தது. இருக்கும் என்று நினைக்காத கண்ணுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

முஹர்ரம் பிறை 24

ஆள் வந்து மூலையைக் கட்டிவிட்டுப் போனான். நான் அறைக்குள் இருந்தபடியே அவன் ஏணியைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டேன். மறுபடி எல்லாம் நீலம்.

அவர் முப்பது வருடக் கடிதங்களில் ஒருநாளும் நிலாவைப் பற்றி எழுதியது இல்லை. தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா, இஜாஸுக்குச் சளி விட்டதா என்று கேட்பார். நானும் மோட்டாரைப் பற்றியே பதில் எழுதுவேன். இப்போது ஒரு கேள்வி கேட்க ஆசையாக இருக்கிறது. அங்கே பகலில் தெரியுமா? வேலைக்கு நடுவில் எப்போதாவது அண்ணாந்து பார்த்தீர்களா? இதைக் கேட்க இப்படித் தோன்றுவது எனக்கே பிடிக்கவில்லை. காலம் போன பிறகு கேள்வி வந்து என்ன பயன்.

சஃபர் பிறை 3

மைனி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அவர்கள் உம்மாவின் வீடு தங்கைக்குத்தான் போனது. மைனி குடியிருப்பது அங்கேதான், மாடி அறையில். தங்கை மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து ஏசி மாட்டுகிறார்களாம்.

"அது உங்க அறைல்லா மைனி?"

"புது மாப்பிள்ளைக்கு மாடி அறையைக் குடுக்காம, பின்ன கோழிக் கூட்டையா குடுப்பாங்க?"

"நீங்க எங்க இருப்பீங்க?"

"அடுப்படிக்குப் பின்னால இடம் ஒதுக்கியிருக்கா. ஜன்னல் கிடையாது. ஆனா தண்ணிப் பைப்பு பக்கம். இந்த வயசுல எனக்கு ஜன்னல்ல என்ன வேலை?"

நான் தக்காளி விலை கேட்டேன்.

சஃபர் பிறை 7

காற்று விடுவதாக இல்லை. இந்தத் தடவை கிழக்கு மூலை அவிழ்ந்தது. ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவானாம்.

சஃபர் பிறை 8

இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

அஸர் தொழுதபின் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற பரீதா ஆலிமா பார்க்க வந்திருந்தார். முப்பது வயதுப் பெண், சிரித்த முகம். முற்றத்துத் தாழ்வாரத்தில் பாய் போட்டு மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு நேரே கிழக்கு மூலை. அந்த இடைவெளியில், நாலரை மணி வெயிலில், வந்து நிற்கிறது! காலையில் மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன். வளர்பிறையில் சாயங்காலம் வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"அந்தா நிலா!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மைனி டீயைக் கீழே வைத்த வேகத்தில் பாதி பாயில் கொட்டியது. "கண்ணை மூடுளா! பாக்காதே! யா அல்லாஹ், இத்தனை நாள் பொத்திப் பொத்தி வச்சேனே!" என்று என் முக்காட்டைப் பிடித்து முகம் வரை இழுத்துவிட்டார்.

ஆலிமா முதலில் சிரித்தார். பிறகு மைனியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மாமி, இத்தாவுல இருக்கிறவங்க வானத்தைப் பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே. நிலாவையும் பாக்கலாம்."

"எங்க காலத்துல எல்லாரும் சொன்னாங்க."

"சொல்லியிருப்பாங்க மாமி. சனங்க பேச்சு அது. மார்க்கக் கிதாபுல இல்லை. வானத்தைப் பாத்துச் சிந்திக்கத்தான் சொல்லியிருக்கு."

"கிதாபுலயே இல்லையா?"

"இல்லை மாமி."

எனக்குச் சந்தோஷம். ஜெயித்துவிட்ட சந்தோஷம்தான், ஒளிப்பானேன். மைனி கொட்டிய டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஆலிமா போன பிறகும் எழுந்திருக்கவில்லை. மஃரிப் முடிந்து சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு இருபத்திமூணு வயசுளா," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "அவுக கப்பல்ல போனவுக திரும்பி வரல, தந்திதான் வந்துச்சு. உம்மா என்னை மாடிப்படிக்குக் கீழ உள்ள அறையில உக்கார வச்சா. ஜன்னல்ல சாக்கை மடிச்சு ஆணி அடிச்சாங்க. நாலு மாசம் பத்து நாள். பகல் எது, பொழுது சாஞ்சது எதுன்னு பாங்கு கேட்டுத்தான் தெரியும். வெளிய வந்த அன்னைக்கு வெளிச்சம் தாங்காம வாசப்படியில விழுந்துட்டேன்."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"ஊரே சொல்லிச்சு, நாச்சி மாதிரி பேணுதலா யாரும் இத்தா இருந்ததில்லன்னு. கல்யாண வீட்டுல, மௌத்து வீட்டுல, இன்னைக்கும் சொல்லுதாங்க. எனக்குன்னு புள்ளை இல்ல, வீடு இல்ல. அந்தப் பேரு ஒண்ணுதான்ளா இருக்கு." சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அது கிதாபுலயே இல்லேன்னா, நான் எதுக்குளா அந்த இருட்டுல இருந்தேன்?"

இவ்வளவு நாளும் இந்த மனுஷியை மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேன். இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

சஃபர் பிறை 9

அஸருக்குப் பிறகு மைனி கொல்லையிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார். மூலையைக் கட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஏறினார். அவிழ்ந்த மூலை வழியாகத் தலையை வெளியே நீட்டினார். அப்படியே நின்றார். எனக்கு அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் ஆயிற்று.

"மைனி?"

"இருக்குளா."

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. மூக்கு முழி கூடத் தெரியுது." பிறகு குரல் மாறியது. "இது எப்பவும் பகல்ல வருமா?"

"வரும் போலத்தான் இருக்கு மைனி."

"அன்னைக்கும் வந்திருக்கும்," என்றார்.

இறங்குவதற்கு முன் வடக்கு மூலைக் கயிற்றையும் அவர் கையாலேயே அவிழ்த்துவிட்டார். பக்கத்து மாடிப் பக்கம் மட்டும் பாய் இருக்கட்டும், அங்கே ஆம்பளைகள் நிற்பார்கள் என்றார். அது நியாயம்தான்.

சஃபர் பிறை 14

"உப்பு இல்ல," என்றார் மைனி, முதல் வாயிலேயே.

"பிரஷர் இருக்கிறவருக்கு உப்புக் கூடாதுன்னு டாக்டர்…" என்று ஆரம்பித்தேன்.

சோற்றுக் கையோடு அழுதேன். மௌத்தான அன்றும் இப்படி அழவில்லை. முப்பது வருடத்தில் விடுமுறை விடுமுறையாக வந்து போன மனிதர், இரண்டு வருடம்தான் என்னோடு முழுசாக இருந்தார். அந்த இரண்டு வருடமும் உப்பு குறைத்துச் சமைத்தேனே, அது போதவில்லையா?

மைனி எழுந்து வந்து என் தலையை இடுப்போடு சேர்த்துக்கொண்டார். "அழு. எனக்கும் தம்பிதானே," என்றார். அவர் கண்ணீர் என் உச்சியில் விழுந்தது.

குழம்பு ஆறிப்போயிற்று. உப்புப் போட்டு மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிட்டோம்.

ரபீவுல் அவ்வல் பிறை 2

இஜாஸ் டிக்கெட் போட்டுவிட்டான். இத்தா முடிகிற சமயம் வந்து, நாலாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். பதினோராவது மாடி வீடாம். ஜன்னல் முழுக்கக் கண்ணாடி, திறக்கத்தான் முடியாது.

மைனி என் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. "மகன் கூப்பிடும்போது போயிரணும்ளா. கூப்பிடாம விட்டாத்தான் கவலைப்படணும்," என்றார். அவரைக் கூப்பிட ஆளில்லை என்பதை நினைத்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை.

நான் பெட்டியை மூடவில்லை. பூட்டு துருப்பிடித்திருக்கிறது என்றேன். துருப்பிடிக்கவில்லை.

ரபீவுல் அவ்வல் பிறை 15

இத்தா முடிந்தது. நேற்றே இஜாஸ் வந்துவிட்டான். காலையில் குளித்து, அவன் கொண்டுவந்த பச்சைச் சேலையை உடுத்தினேன். தெருப் பெண்களெல்லாம் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். தார்ப்பாயை முழுசாக இறக்கிவிட்டார்கள். முற்றம் கண்ணைக் கூசுகிற மாதிரி இருந்தது.

எல்லோரும் போன பிறகு இஜாஸ் பாஸ்போர்ட்டைக் கேட்டான். அப்போதுதான் சொன்னேன்.

"நான் வரலப்பா. ரெண்டு மாசம் வந்து பேரப்புள்ளையோட இருந்துட்டு வாரேன். குடியிருக்க வரல."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நாங்க ஏதாவது குறை வச்சோமா உம்மா?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏன்? இங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"உங்க நாச்சி மாமி இருக்காங்க. தனியா இருக்காங்க."

"அவங்க எப்பவுமே தனியாத்தானே உம்மா இருக்காங்க?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டான். ஊர் என்ன சொல்லும் உம்மா என்றான் மெதுவாக. ஊர் இதுவரை சொன்னதை எல்லாம் கேட்டாயிற்று என்றேன்.

திரும்பினால் அடுப்படி வாசலில் மைனி. எல்லாம் கேட்டிருக்கிறார். முகம் சிவந்திருந்தது.

"எனக்காக நீ மகனை விடாண்டாம். எவ இரக்கமும் எனக்கு வேண்டாம். எனக்கு இடம் இருக்கு."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எனக்காகத்தான். என் குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல ஒரு ஆள் வேணும் மைனி. இந்த வீட்டுல தனியா என்னால முடியாது. அதுக்குத்தான் கேக்குதேன். வாங்க."

மைனி துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய பை, செருப்பு, தஸ்பீஹ் மணி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ரபீவுல் அவ்வல் பிறை 16

வரவில்லை.

ரபீவுல் அவ்வல் பிறை 17

வரவில்லை. ஆள் அனுப்பலாமா என்று இஜாஸ் கேட்டான். வேண்டாம் என்றேன். இரண்டு ஆள் சாப்பாட்டுக்குப் பதில் மூன்று ஆளுக்கு வடித்துவிட்டேன்.

ரபீவுல் அவ்வல் பிறை 18

இஜாஸ் காலையில் கிளம்பினான். வாசலில் நின்று அனுப்பிவிட்டு, காரின் புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றேன். அழுகை வரும் போலிருந்தது. போக வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றாலும் பிள்ளை போவது போவதுதானே.

தெருமுனையில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா திரும்பியது. அதில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி நாச்சி மைனி. வாசலில் இறங்கினார். சலாம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியை இறக்குகிறவனையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உன் வீட்டுல எந்த அறையிலளா காலைல வெளிச்சம் நல்லா வரும்?"